புதுப்பிப்பு: மகளுக்கு உதை குறைந்த தோட்டா

டெக்சாஸில் பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடப் பழகும் என் 12 வயது மகளுக்கு, தோளில் அதிகம் உதைக்காத தோட்டா எது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் 20 கேஜ் துப்பாக்கி வாங்கச் சொன்னீர்கள் (கேஜ் என்பது குழலின் அளவு; எண் கூடினால் குழல் சிறியது). வாங்கவில்லை. 20 கேஜ் துப்பாக்கி பொதுவாக எடை குறைவு; துப்பாக்கி எடை குறைந்தால் உதை கூடும். கனமான 12 கேஜ் செமி ஆட்டோமேட்டிக்கையே (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் துப்பாக்கி) வைத்துக்கொண்டு, உள்ளே 32 கிராம் குண்டுகள் உள்ள தோட்டாவிலிருந்து 24 கிராமுக்கு இறங்கினோம். ஒலிம்பிக்கில் டிராப் என்ற தட்டு சுடும் போட்டியிலும் 24 கிராம்தான், தட்டு நன்றாகவே உடைகிறது.

ஒரே தொல்லை: இவ்வளவு மென்மையான தோட்டாவில் சில செமி ஆட்டோமேட்டிக் சரியாக ஓடாது, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியேறும் வாயிலேயே குறுக்கே நிற்கும். முதலில் ஒரு பெட்டி மட்டும் வாங்கிச் சுட்டுப் பாருங்கள்.

அப்புறம், வீட்டில் இரண்டு கேஜும் இருந்தால் தோட்டாப் பைகளைக் கலக்காதீர்கள். மஞ்சள் நிற 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும்.