“நான் புது சிருஷ்டி” என்று அறிக்கையிட்டால் போதுமா, போனையும் பூட்ட வேண்டுமா?

உப்பும்_ஒளியும்:
இன்னொரு இழையில் ஒரு பிரதர், ஆபாசத் தளங்களில் விழாமலிருக்க எந்த ஆப், எந்த டிஎன்எஸ் (தள முகவரியைத் தேடித்தரும் சேவை, அதிலேயே ஆபாசத் தளங்களைத் தடுக்கலாம்), யாரிடம் பாஸ்வேர்டு என்று நீளமாக எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. கொலோசெயர் 2-ல் பவுல் கண்டித்த “தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே” மார்க்கம்தான் இது. பார்வைக்கு ஞானம்போலத் தெரியும், மாம்சத்தை அடக்க உதவாது.

ரோமர் 6:11 பாவத்துக்கு மரித்தவர்களாக “எண்ணிக்கொள்ளுங்கள்” என்கிறது. அந்தக் கிரேக்கச் சொல் கணக்கு வழக்கில் புழங்கியது. வரவு ஏற்கெனவே ஏறிவிட்டது, அதை வைத்து வாழு என்று அர்த்தம். மத்தேயு 3:17-ல் “இவர் என்னுடைய நேசகுமாரன்” என்ற சத்தம். உடனே 4:3-ல் பிசாசு “நீர் தேவனுடைய குமாரனேயானால்” என்று ஆரம்பிக்கிறான். அவன் குறிவைப்பதே அடையாளத்தை. தான் கிறிஸ்துவுக்குள் புது சிருஷ்டி என்று தெரிந்தவனுக்குப் பூட்டு எதற்கு?

வாசற்படி:
பிரதர், ஒரு வசனம் கீழே வாங்க. “குமாரனேயானால்” என்றவனிடம் இயேசு “ஆமாம், நான் குமாரன்தான்” என்று அறிக்கையிடவே இல்லை. “மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல” என்று, மனுஷனாக நின்று பதில் சொன்னார். மூன்று பதிலும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை, வனாந்தரத்தில் இஸ்ரவேல் பட்ட பாட்டை நினைவூட்டும் பகுதி அது. அந்த நேரத்தில் தேடி எடுத்த வசனங்களா அவை?

6:11-ஐக் காட்டிவிட்டு 13-ஐ ஏன் விட்டீர்கள்? அவயவங்களை ஒப்புக்கொடாதீர்கள் என்கிறது. கண்ணும் கட்டைவிரலும் அவயவம்தானே.

யாக்கோபு 1:14-ல் “சிக்குண்டு” என்று வருகிறதே, மூலத்தில் அது தூண்டில் இரை சம்பந்தப்பட்ட சொல். ராத்திரி பதினொன்றேகாலுக்கு விழுகிறவன் உண்மையில் பத்தரைக்கே இரையைக் கவ்விவிட்டான், களைப்போடும் போனோடும் படுக்கைக்குப் போனபோதே. ஆகவே சார்ஜரை வேறு அறையில் வையுங்கள். தனியாக ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள், இல்லாவிட்டால் “அலாரத்துக்காகத்தான்” என்று மூன்றாம் நாளே போன் தலையணைக்கு வந்துவிடும்.

பாஸ்கோடு இன்னொருவர் வைத்தும் பலருக்குப் பயனில்லாமல் போவது மீட்பு வழியால். ஐபோனில் ஸ்கிரீன் டைம் (ஆப்களையும் தளங்களையும் கட்டுப்படுத்தும் வசதி) பாஸ்கோடை மீட்க உங்கள் ஆப்பிள் கணக்கையே கொடுத்திருந்தால் நீங்களே மாற்றிவிடலாம். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் வடிகட்டியை செட்டிங்ஸில் சில நொடியில் அணைத்துவிடலாம். பிரவுசரை மட்டும் பூட்டினால் மற்ற ஆப்களுக்குள் திறக்கும் பிரவுசர் பூட்டப்படாமல் கிடக்கும். அந்த ஓட்டைகள் எங்கே என்று விழுகிறவனுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

உப்பும்_ஒளியும்:
நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், ஓட்டை இல்லாத பூட்டு கிடையாது. பெருமைக்கும் பொறாமைக்கும் எந்த ஆப்பில் பூட்டு போடுவீர்கள்? அடைத்து வைத்த ஆசை செத்த ஆசை ஆகாது.

கடுகுவிதை:
அண்ணன்மார் இரண்டு பேருக்கும் ராத்திரியும் போனும்தான் சோதனை போல. பகலில் சபை வாட்ஸ்அப் குழுவில் நடப்பதைப் பாருங்கள். “இந்தச் சகோதரிக்காக ஜெபிங்க, வீட்டில் பிரச்சினை” என்று ஒரு ஜெபக் குறிப்பு. முக்கால்வாசி அது புறங்கூறுதல்தான், முக்காடு போட்டிருக்கிறது, அவ்வளவே. அனுப்பும் முன் இரண்டைப் பார்த்தால் போதும்: சம்பந்தப்பட்டவர் ஜெபம் கேட்கச் சொன்னாரா, பேர் இல்லாமல் ஜெபிக்க முடியாதா.

கோபத்தில் எழுதும் பதிலை அரட்டைப் பெட்டியில் தட்டவே கூடாது. நோட்ஸில் எழுதி, காலையில் படித்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் எழுதினால் விரல் தானாக அனுப்பிவிடும். சின்னப் பொய்க்கு, “வந்துகொண்டே இருக்கிறேன்” வகைக்கு, அன்றைக்கே திரும்பப் போய் “நான் சொன்னது உண்மையில்லை, அப்போது கிளம்பவே இல்லை” என்று திருத்துவதுதான் மருந்து. நாலு தடவை அந்த வெட்கத்தைப் பட்டால் ஐந்தாவது தடவை நாக்கு தயங்கும். இதற்கு அடையாளமும் வேண்டும், பழக்கமும் வேண்டும்.

ஜெபமாலை:
கத்தோலிக்கன் ஒருவன் குறுக்கிடலாமா? இதெல்லாம் போன் வந்தபின் பிறந்த சண்டை இல்லை. 399-ல் இறந்த எவாக்ரியுஸ் என்ற எகிப்துப் பாலைவனத் துறவி, சோதிக்கும் எண்ணங்களை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிர்த்துச் சொல்ல வேண்டிய வசனங்களைத் தொகுத்து வைத்தார். எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அது தங்குவது நம் கையில் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் (1548-ல் திருத்தந்தை ஒப்புதல் பெற்றது) தனி ஆய்வு என்று ஒன்று உண்டு. எல்லாப் பாவத்தையும் சேர்த்துப் பிடிக்காமல் ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். காலையில் எழுந்ததும் தீர்மானம். மதிய உணவுக்குப் பின் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் ஒருமுறை, மணி மணியாகத் திரும்பிப் பார்த்து, விழுந்த தடவைகளைப் புள்ளி வைக்க வேண்டும். நாளுக்கு இரண்டு கோடு, மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் ஒப்பிட வேண்டும், இன்றை நேற்றோடும் இந்த வாரத்தைப் போன வாரத்தோடும். மதியத்தில் பார்ப்பதில்தான் சூட்சுமம், அரைநாள் இன்னும் மிச்சமிருக்கிறது.

உப்பும்_ஒளியும்:
இந்தப் புள்ளிதான் ஆபத்து, ஐயா. “நாற்பது நாள் சுத்தம்” என்று எண்ணுகிறவன் நாற்பத்தோராவது நாள் விழுந்தால், “எல்லாம் போச்சு, இன்னும் நாலு தடவை போனால்தான் என்ன” என்று அந்த வாரம் முழுக்கக் கிடப்பான். விழாவிட்டால் பெருமை, விழுந்தால் விரக்தி. இரண்டும் கிருபைக்கு வெளியேதான்.

வாசற்படி:
இதை மறுக்கமாட்டேன். சுத்தமான நாட்களை எண்ணுவதை விட்டுவிட வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அதற்கு முன் யாரோடு சண்டை, சாப்பிட்டிருந்தோமா, தூங்கியிருந்தோமா என்று மட்டும் எழுதினால் போதும். சில வாரத்தில் இரண்டு மூன்று நேரங்கள் திரும்பத் திரும்ப வரும், ஏற்பாடு அந்த நேரங்களுக்கு மட்டும்.

சபைச் சீர்திருத்தவாதி லூத்தரின் 1529 சிறிய ஞானோபதேசமும் ஞானஸ்நானத்தை விளக்கும்போது, பழைய ஆதாம் (நமக்குள் இருக்கும் பாவ சுபாவம்) தினந்தோறும் மனஸ்தாபத்திலும் மனந்திரும்புதலிலும் மூழ்கிச் சாக வேண்டும் என்கிறது. உங்கள் அடையாள வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை, ஆனால் அந்தத் “தினந்தோறும்” என்ற சொல் எனக்கும் சாட்சி சொல்கிறது.

உப்பும்_ஒளியும்:
சரி, எழுதட்டும். யாரிடம் காட்டுவான்? பொறுப்புத் துணை (நம் விழுகையைக் கணக்குச் சொல்ல வைத்துக்கொள்ளும் நண்பர்) என்ற பேரில் இரண்டு பேர் வாராவாரம் “நானும் விழுந்தேன்” என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வதைத்தானே பார்க்கிறோம்.

கடுகுவிதை:
அதற்குக் காரணம் விழுந்த பிறகே பேசுவது, பிரதர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் 1738 சிறுகுழு விதிகளில் வாரம் ஒருமுறையாவது கூட வேண்டும், சேரும் முன்பே “உன் குற்றங்களை மற்றவர்கள் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறாயா” என்ற கேள்வி உண்டு. என்ன பாவம் செய்தாய் என்பதோடு நிற்காமல், என்ன சோதனை சந்தித்தாய், எப்படித் தப்பினாய் என்றும் கேட்பார்கள். அதே பலவீனம் உள்ளவர் துணையாக வேண்டாம். வாழ்க்கைத் துணையையும் காவல்காரர் ஆக்காதீர்கள், வீடு விசாரணைக் கூடம் ஆகிவிடும். “வர்ற வாரம் எந்த ராத்திரி ஆபத்து?” என்று முன்கூட்டிக் கேட்கிற ஒருவர் போதும்.

உப்பும்_ஒளியும்:
முன்கூட்டிக் கேட்பது எனக்குச் சம்மதம். ஆனால் விழுந்த அந்த ராத்திரி முதலில் போன் போட வேண்டியது துணைக்கு இல்லை. “இரண்டு நாள் சுத்தமாக இருந்துவிட்டு ஜெபிக்கிறேன்” என்று தள்ளிப்போடாமல், அந்த நிமிடமே, அந்தக் கட்டிலிலேயே 1 யோவான் 1:9, பாவத்தை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற வசனம். துணைக்கு மறுநாள் சொல்லட்டும்.

வாசற்படி:
மறுநாள் எத்தனை மணிக்கு என்று முன்பே பேசி வையுங்கள். இல்லையென்றால் அது அடுத்த ஞாயிறு ஆகிவிடும்.