புதுப்பிப்பு: நச்சியல் வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேனே

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்தவர், மருத்துவமோ கால்நடை மருத்துவமோ படிக்காமல் நச்சியலுக்குள், அதாவது நச்சுப் பொருள்கள் உடலை என்ன செய்கின்றன என்று ஆராயும் துறைக்குள், நுழைய முடியுமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். முடியும். ஒரு தனியார் ஆய்வகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட்டேன், பூச்சிமருந்துகளை எலிகளில் சோதிக்கும் பிரிவு.

காலையில் எலிகளை எடை போட்டு, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் பார்த்து, வாய்வழியே குழாயில் கொடுத்துவிட்டு, நடுக்கம் இருக்கிறதா, எச்சில் வடிகிறதா, மூச்சு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கவனித்து எழுத வேண்டும். எழுதியதைத் திருத்த வேண்டுமானால் அழிக்கவே கூடாது. ஒரே கோடு, பக்கத்தில் காரணம், கையெழுத்து, தேதி. ஒரு நாட்டின் சோதனைத் தரவை மற்ற நாடுகளும் ஏற்கும் முறை ஒன்று ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) என்ற பன்னாட்டு அமைப்பில் இருக்கிறது. 2011-இல் இந்தியா அதற்குள் முழுமையாக வந்துவிட்டதால், இங்கே எடுக்கும் தரவு வெளிநாடுகளில் மருந்தைப் பதிவு செய்யவும் செல்லும். அதனால்தான் இவ்வளவு கறார், எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்வது பெரும்பாலும் கால்நடை மருத்துவர்கள்தான். அந்த ஆசை இருந்தால் அந்தப் படிப்பையே எடுங்கள்.

அப்புறம், பிஎச்.டி. பற்றிக் கேட்டவர்களுக்கு: லக்னோவில் சிஎஸ்ஐஆர்-இன் (மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கிவிட்டு முயன்று பாருங்கள். நானும் அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.