புளியந்தீவு ஒழுங்கைகளில் உங்களுக்கு எதிர்ப்பட்டவர் யார்?

விடியப்புறம் நடப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். கோட்டைமுனையிலிருந்து பாலம் கடந்தால் புளியந்தீவு. நாலு பக்கமும் வாவி. கோட்டை, மரியாள் பேராலயம், மிக்கேல் கல்லூரி, ஆனைப்பந்திப் பிள்ளையார் என்று மட்டக்களப்பின் பழைய முகம் முழுக்க அந்தச் சின்னத் தீவுக்குள்தான் இருக்கிறது.

போன மாதம் அங்கே ஓர் ஒழுங்கையில் பழைய மதில் ஒன்றின் முன் நின்றேன். 2019 கடைசியில் நாடு முழுக்க இளம் பிள்ளைகள் தூரிகையோடு வீதிக்கு இறங்கினார்களே, அப்போது வரைந்த ஓவியம். பாதி பெண், பாதி மீன், கையில் யாழ். விபுலாநந்த அடிகள் பாடிய நீரரமகள். முகம் அப்படியே இருக்கிறது. இடுப்புக்குக் கீழேதான் பெயின்ட் கொப்பளித்து எழும்பியிருந்தது. மீனின் செதிலா, பெயின்டின் செதிலா என்று கிட்டப் போய்த்தான் தெரிந்தது.

சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் காலை ஊன்றி நின்றார். மேசன் வேலை செய்தவர், எழுபது தாண்டியிருக்கும். பெருவிரல் நகத்தால் ஒரு செதிலை நெம்பினார். பின்னால் மாவு மாதிரி வெள்ளைப் பொடி. அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என் உள்ளங்கையிலும் கொஞ்சம் தட்டினார். உப்பு.

"இது சுண்ணாம்புச் சுவர் மனே. மூச்சு விட்டாத்தான் இருக்கும்."

மறுகா சைக்கிளைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் கதைத்தார். அந்தக் காலத்தில் சிப்பியையும் முருகைக்கல்லையும் சுட்டு, குழியில் ஊறப்போட்டு எடுத்த சுண்ணாம்பில்தான் இந்தச் சுவர்களைக் கட்டினார்களாம். வாவிக்கரை மண்ணில் ஈரம் எப்போதும் மேலே ஏறும். வெள்ளை அடித்த சுவரில் அந்த ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும். மேலே பிளாஸ்டிக் பெயின்டோ சீமெந்துப் பூச்சோ போட்டு அடைத்தால் வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். காயும்போது உப்பு பூத்துப் பெயின்டைத் தள்ளிவிடும். சீமெந்து போட்ட இடத்தில் பெயின்ட் மட்டுமில்லை, உள்ளே சுவரும் பொருமிப்போகும். பக்கத்து வீட்டுத் தூண் ஒன்றைக் காட்டினார். வெளியே பார்க்க நல்ல வழவழப்பு, தட்டினால் வெற்றுச் சத்தம். அதைத் தட்டிக் காட்டியபோது அவர் முகம் சுருங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

இத்தனை வருடம் இந்த வழியால் நடந்திருக்கிறேன், ஒரு சுவரைக்கூடத் தட்டிப் பார்த்ததில்லை. உங்களுக்கும் இப்படி யாராவது எதிர்ப்பட்டிருந்தால் எழுதுங்கள்.

கல்லடியிலிருந்து:

எனக்கு எதிர்ப்பட்டவர் ஒரு பறங்கியத் தச்சர். அம்மம்மா வீட்டுப் பழைய யன்னலின் சரிபலகைகள் உடைந்து, புதிதாக அலுமினியம் போடச் சொல்லி எல்லோரும் நெருக்கினார்கள். மனம் வரவில்லை. அவரிடம் கொண்டுபோனேன். பலகையை முகர்ந்து பார்த்து "முதிரை" என்றார், அவ்வளவுதான். மூன்று நாள் பக்கத்திலிருந்து பார்த்தேன். இழைக்கும்போது ஒரு மெட்டை முணுமுணுப்பார். கேட்டதற்குக் கல்யாண வீட்டில் ஆடும் கப்ரிஞ்ஞா என்றார். வீட்டில் பேசுவது போர்த்துக்கேயம் கலந்த தங்கள் மொழி, என்னோடு மட்டக்களப்புத் தமிழ். கடற்கரையோரம் இருக்கும் டச்பாரில் 2004 சுனாமியில் கடல் கொண்டுபோனவர்களில் அவருடைய ஆட்களும் இருந்தார்கள். அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யன்னல் இன்றைக்கும் சத்தமில்லாமல் திறக்கிறது.

ஆரையம்பதியிலிருந்து:

மேலே எழுதிய தங்கச்சி சொன்ன மொழியைப் பற்றி எனக்கும் ஒரு வியப்பு உண்டு. போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் 1638இல் பிடித்துவிட்டார்கள். பத்து வருடம்! ஊரெல்லாம் ஒல்லாந்தர் கோட்டை என்றுதான் சொல்லுகிறது. ஆனால் பேச்சாக நின்றது போர்த்துக்கேயம்தான், அதுவும் கிட்டத்தட்ட நானூறு வருடமாக.

சின்ன வயதில் அப்பாவோடு கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, அதுதான் அரச அலுவலகத்துக்கு, போவேன். அலுவல் முடியும்வரை கொத்தளத்தில் ஏறி வாவியைப் பார்ப்போம். அங்கே வைத்துத்தான் அப்பா 78 புயலைச் சொன்னார். நவம்பர் 23 இரவு எங்கள் வீட்டு ஓடுகள் கடதாசி மாதிரிப் பறந்ததாம். பக்கத்தில் ஒரு பழைய கல்வீடு, முழங்கை நீளத் தடிப்பில் சுவர். அயலெல்லாம் அதன் நடு அறைக்குள் விடியும்வரை நின்றார்களாம். கோட்டைச் சுவரில் கையை வைத்து, "இப்படித்தான் இருந்தது, குளிர்ந்து" என்றார். அந்தக் கல்வீட்டைப் பிறகு இடித்து மூன்று மாடிக் கடை கட்டிவிட்டார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் அப்பா அந்தப் பக்கம் பார்க்கமாட்டார்.

நாவற்குடாவிலிருந்து:

அண்ணா, அந்த நீரரமகளின் வால் நான் வரைந்தது.

அப்போது கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆறு பேர், இரண்டு நாள். சுவரைக் கழுவி, காயவிட்டு, அடிப்பூச்சு எல்லாம் ஒழுங்காகப் போட்டோம். மழை பெய்துதான் கெட்டது என்று இவ்வளவு நாளும் நினைத்தேன். சுவரின் உள்ளிருந்து வந்த உப்பு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. வாசித்ததும் அழுகை வந்துவிட்டது. அந்தச் சுவரை நாங்கள் காகிதம் மாதிரி நினைத்திருக்கிறோம். அந்த மேசன் ஐயாவைப் பார்க்க முடியுமா? சுண்ணாம்பில் நிற்கிற நிறங்கள் என்னென்ன என்று கேட்க வேண்டும்.

தொடங்கியவர்:

தங்கச்சி, நேற்று அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். காவியும் கரியும் சுண்ணாம்பில் நிற்குமாம், பூச்சு ஈரமாக இருக்கும்போதே வரைய வேண்டுமாம். பழைய பெயின்டைச் சுரண்ட இரும்புத் தகடு வேண்டாம், மரத்தகடு போதும் என்றார். மதில் வீட்டு அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். "முகத்தை மட்டும் தொடாம விடுங்க பிள்ளை, விடிய எழும்பினா அவளைத்தான் முதல் பாக்கிறன்" என்றார்.

சுண்ணாம்பு ஊறப்போட்டாயிற்று. ஞாயிறு காலை ஆறு மணி, வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள்.