“உன் பேர் என்ன?” என்று கேட்டபோது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். சபையில் சாட்சி சொன்னபோதுகூட இந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

எனக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஒருவன். படிப்பு, பாட்டு, மேடைப் பேச்சு எல்லாவற்றிலும் அவன்தான் முதல். நான் மதிப்பெண் அட்டையைக் கொடுத்தால் அப்பா மேலிருந்து கீழாக விரலை ஓட்டுவார். நல்ல மதிப்பெண்ணில் விரல் நிற்காது. எது குறைவோ அங்கே வந்து நிற்கும். நகத்தால் அந்த எண்ணின் மேல் இரண்டு தட்டு தட்டுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார்; கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன். அந்தத் தட்டல் மட்டும் காதில் நின்றுவிட்டது.

வளர்ந்தபின் சபையில் எந்த வேலைக்கும் முதல் ஆளாக நின்றேன். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, வாலிபர் கூட்டம், எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. “பொறுப்பான தம்பி” என்றார்கள். அந்தப் பேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாராவது ஒரு சின்னத் திருத்தம் சொன்னால் போதும், அன்று இரவு தூக்கம் போய்விடும். “கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டி” என்ற வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்தவன் நான். எனக்குள் என்ன புதிதாயிற்று என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.

அப்பா இறந்து மூன்று வருடம் கழித்து ஒரு தியான முகாமுக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தை வாசித்தார். யாக்கோபு இரவெல்லாம் ஒருவரோடு போராடுகிறான்; “உன் பேர் என்ன” என்று அவனோடு போராடியவர் கேட்கிறார். வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “தம்பி, இவன்கிட்ட இதே மாதிரி கேள்வியை இதுக்கு முன்னாடி யார் கேட்டாங்க?” என்றார். எத்தனையோ முறை பாடம் எடுத்த கதை. பதில் வரவில்லை. அவரே 27ஆம் அதிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். யாக்கோபின் அப்பா, கண் தெரியாத ஈசாக்கு, மூத்த மகனை ஆசீர்வதிக்கக் காத்திருக்கும்போது, “நீ யார், என் மகனே” என்று கேட்கிறான். அண்ணனுடைய உடையைப் போட்டுக்கொண்டு, கைகளில் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் யாக்கோபு, “நான் உமது மூத்த மகனாகிய ஏசா” என்கிறான்.

அந்த வரியில் என் கண் அப்படியே நின்றுவிட்டது. அப்பாவுக்கு முன்னால் அண்ணனாக நின்றால்தான் ஆசீர்வாதம் கிடைக்கும் என்று நம்பினவன் நான் மட்டும் இல்லை.

அதற்குப் பின் மாமன் லாபானிடம் வேலை செய்த 20 வருடம் முழுக்க யாக்கோபு அந்தப் பொய்ப் பேரின் சுமையோடுதான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இருட்டில் அவனைப் பிடித்துக்கொண்டவருக்கு அவன் பேர் தெரியாமலா இருந்திருக்கும்? அவன் வாயால் சொல்லவேண்டும் என்றுதான் கேட்டார். “யாக்கோபு” என்றான். அந்தப் பேருக்கு எத்தன் என்று அர்த்தம் சொல்வார்கள்; தானே அதை ஒத்துக்கொண்ட மாதிரி. இஸ்ரவேல் என்ற புதுப்பேர் அதற்கு அப்புறம்தான் வந்தது.

அன்று இரவு அறைக்குப் போய் முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, நான் அண்ணன் இல்லை. பொறுப்பானவனும் இல்லை. நான் பயந்தவன். செத்துப்போன அப்பாமேல் இன்னும் கோபமாயிருக்கிறவன்” என்றேன். என் சொந்தப் பேரில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன். தரிசனம் ஒன்றும் இல்லை, சத்தமும் கேட்கவில்லை. வெகுநேரம் அழுதேன், பிறகு நன்றாகத் தூங்கினேன்.

வீடு திரும்பியதும் அண்ணனைக் கூப்பிட்டு, இத்தனை வருடமும் உன்மேல் பொறாமையாக இருந்தேன் என்று சொன்னேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: “டேய், என் மார்க் ஷீட்லயும் அப்பா விரல் அங்கதான்டா நிக்கும்.”

இன்றைக்கும் யாராவது என் வேலையில் விரல் வைத்துக் காட்டினால் வயிற்றுக்குள் ஏதோ இறுகுகிறது. யாக்கோபும் அந்தப் போராட்டத்தில் தொடைச்சந்து சுளுக்கி, சூரியன் உதிக்கும்போது நொண்டிக்கொண்டுதான் போனான். ஆபிராமுக்கு ஆபிரகாம் என்று பேர் மாறியபின் அந்தக் கதையில் பழைய பேர் திரும்ப வராது. இவனுக்கு அப்படியில்லை. ஆதியாகமம் 46:2ஐப் பாருங்கள்: தேவன் இஸ்ரவேலுக்குத் தரிசனமாகி, “யாக்கோபே, யாக்கோபே” என்று கூப்பிடுகிறார். ஒரே வசனத்தில் இரண்டு பேரும் இருக்கின்றன. அந்த வசனம் எனக்கு அவ்வளவு ஆறுதல்.

* * *

அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். தரிசனம் இல்லை, சத்தம் இல்லை என்று உள்ளபடியே எழுதினீர்களே, அதற்கு நன்றி.

சின்ன வயதில் எனக்கு நடந்த ஒரு காரியத்துக்காக ஒரு கூட்டத்தில் எனக்கு ஜெபித்தார்கள். “இன்றோடு விடுதலை” என்றார்கள். நானும் நம்பினேன். மூன்றே வாரத்தில் அதே கனவு, அதே வியர்வை, அதே நடுக்கம். திரும்பப் போய்ச் சொன்னபோது எனக்கு விசுவாசம் போதவில்லை என்றார்கள். நடந்த காரியத்தைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகமாக முடக்கியது. ஒரு வருடம் வேதாகமத்தைத் திறக்கவில்லை.

பிறகு மனநல ஆலோசகர் ஒருவரிடம் போனேன். இப்போதும் போகிறேன். மருந்தும் எடுத்துக்கொண்டேன். ஜெபத்தையும் விடவில்லை, இரண்டும் எனக்கு ஒரே கையிலிருந்துதான் வருகின்றன.

மாற்கு 8ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதாவில் ஒரு குருடன் வருகிறான். மாற்கு மட்டும்தான் இதை எழுதியிருக்கிறார். இயேசு அவனைத் தொட்டுவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். “நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்” என்கிறான் அவன். எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று பொய் சொல்லவில்லை. அவர் கடிந்துகொள்ளவும் இல்லை, மறுபடியும் கண்களின்மேல் கை வைத்தார். எனக்கு இப்போது மரங்கள் தெரிகின்றன. கனவு வாரம் ஒருமுறை வந்தது மாதம் ஒருமுறையாகியிருக்கிறது.

* * *

நான் சுருக்கமாகவே எழுதுகிறேன். என் காயம் பிறர் எனக்குச் செய்ததால் வந்தது அல்ல, நான் செய்ததால் வந்தது. செய்யாத தவறுக்காக என் நண்பர் ஒருவர் வேலையை இழந்தார். உண்மை எனக்குத் தெரியும். என் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பு என்ற சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. யோவான் 18இல் சீஷனான பேதுரு குளிர்காய்ந்தபடி, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த இரவின் நெருப்பு ஒன்று. 21இல் கரையில் இயேசு மூட்டிவைத்த நெருப்பு மற்றது. அங்கே அவர், தாம் வைத்த பேதுரு என்ற பேரால் அவனைக் கூப்பிடவில்லை. பழைய பேரில் “யோனாவின் குமாரனாகிய சீமோனே” என்று கூப்பிட்டு, தம்மேல் அன்பாயிருக்கிறாயா என்று கேட்கிறார், அதுவும் மூன்று தரம். மூன்றாம் தரம் அவன் துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. ஒன்பது வருடம் நான் தவிர்த்துவந்தது அந்தத் துக்கத்தைத்தான்.

நண்பர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். “எனக்குக் கொஞ்ச நாள் வேணும்” என்றார். சரி என்று எழுந்து வந்துவிட்டேன். அது ஏழு மாதத்துக்கு முன். நேற்று அவரே கூப்பிட்டார். மகளின் படிப்பைப் பற்றித்தான் பேசினார், பத்து நிமிடம். வைக்கும்போது பழையபடி என் பேரைச் சொல்லி வைத்தார்.