6/6 டைனோசர் இருந்தும் ஏன் தோற்கிறேன்?

கேள்வி (ஹட்டன்):
மேஜிக் (Magic: The Gathering) கார்ட் ஆட்டம் ஆடுகிறவர்களிடம் ஒரு சந்தேகம். நாங்கள் நாலு பேர் ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் ஆடுவோம். மழை பிடித்தால் கரண்ட் போய்விடும், அப்புறம் மெழுகுதிரிதான். காமன் கார்ட், அதாவது எளிதில் கிடைக்கிற சாதாரண கார்ட் மட்டும். கொழும்பில் வேலை செய்கிற சித்தப்பா கொண்டுவந்த பழைய கட்டு.

என் டெக் (ஆடுகிற கட்டு) பச்சை-நீலம், 60 கார்ட், அதில் 24 லேண்ட்; மற்ற கார்டை இறக்கச் செலவாகும் மனாவைத் தருவது இந்த லேண்ட்தான், ஒன்றுக்கு ஒரு மனா. கொலோசல் ட்ரெட்மா என்ற டைனோசர் 4 வைத்திருக்கிறேன். 6 மனா, 6/6 (அடிப்பது 6, தாங்குவது 6), ட்ராம்பிள் (குறுக்கே நிற்பதைக் கொன்று மிஞ்சின அடி எதிராளிக்குப் போகும்). போன கிழமை எட்டாவது டர்னில்தான் ஒன்றை இறக்க முடிந்தது. மச்சான் சிரித்துக்கொண்டே டூம் பிளேட் போட்டான். இரண்டே மனா, ஆள் காலி. கையில் இன்னும் இரண்டு ட்ரெட்மா முழித்துக்கொண்டு இருந்தன. 6/6 நல்ல கார்ட் இல்லையா? மல்ட்ரிஃப்டரும் மூன்று இருக்கிறது. 5 மனாவுக்கு வெறும் 2/2 என்று ஒதுக்கிவிட்டேன்.

பதில் (மஸ்கெலியா):
தம்பி, ஒதுக்கியதைத்தான் எடுக்க வேண்டும். கணக்குப் பாருங்கள். நீங்கள் முதலில் ஆடினால் ஆறாவது டர்னுக்குள் 12 கார்ட் பார்த்திருப்பீர்கள். அதில் லேண்ட் சராசரியாக 5 கூட வராது. அதாவது பாதி ஆட்டம் ட்ரெட்மா கையில்தான் தூங்கும். இறங்கினாலும் அடுத்த டர்ன் வரை அடிக்காது, அதற்குள் டூம் பிளேட் வந்தால் 6 மனாவும் தண்ணீர்.

மல்ட்ரிஃப்டர் இறங்கியவுடனே இரண்டு கார்ட் எடுத்துத் தரும். பிறகு அவன் கொன்றால் கொல்லட்டும். 5 மனா இல்லாவிட்டால் 3 மனாவுக்கு இவோக் போடலாம்; அது செத்துவிடும், கார்ட் இரண்டும் உங்களுக்குத்தான். எங்கள் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். நாள் முழுக்க மலையில் நின்றும் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் (அரை நாள் சம்பளம்) விழும். ட்ரெட்மாவுக்கு அந்த அரைப் பேர்கூட நிச்சயமில்லை. மல்ட்ரிஃப்டருக்கு வந்த நிமிடமே பேர் விழுந்துவிடும்.

பதில் (பதுளை):
அண்ணன் சொல்வது சரி, ஆனால் ட்ரெட்மாவை அப்படியே தூக்கி எறிய வேண்டாம். மேசையில் டூம் பிளேட் வைத்திருப்பது மச்சான் ஒருவர்தானா? மற்றவர்கள் சிவப்பு என்றால் லைட்னிங் போல்ட்டின் 3 அடி ட்ரெட்மாவை அசைக்காது, மல்ட்ரிஃப்டர் அதிலேயே போய்விடும். 1/1 ஒன்றைக் குறுக்கே விட்டாலும் ட்ராம்பிளில் 5 உள்ளே போகும். இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மனா தருகிற லனவார் எல்வ்ஸ் கிடைத்தால் நாலும் போடுங்கள், ஒரு டர்ன் முந்தி வரும்.

கேட்டவர் (ஹட்டன்):
இரண்டு ட்ரெட்மாவை எடுத்துவிட்டு மல்ட்ரிஃப்டர் இரண்டு போட்டு ஆடிப் பார்த்தேன். மூன்றாவது டர்னிலேயே இவோக் போட்டேன் அண்ணா. எடுத்த இரண்டு கார்டும் ட்ரெட்மா. மச்சான் இன்னும் சிரிக்கிறான்.