புதிய போன் வாங்கிய பிறகு மனத்தில் தைத்த ஒரு சம்பவம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கரிசல்வாசி

இந்தத் தீபாவளிக்கு அம்மாவுக்குப் புதிய போன் வாங்கிக் கொடுத்தேன். 18,000 ரூபாய். கடையில் சொன்ன சிறப்புகளில் திரைக்குள்ளேயே கைரேகை உணரி இருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பழைய போனை அம்மா ஒன்பது புள்ளிகளின் மேல் ‘ப’ போட்டுத் திறப்பார். “இனிமேல் கோடு போட வேண்டாம் அம்மா, விரலை வைத்தால் போதும்” என்று ஆசையாகச் சொன்னேன்.

அம்மா முப்பத்திரண்டு வருடம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். ரேஷன் கடைக் கருவியில் அவர் விரல் விழாது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். கடையில் நின்றபோது எனக்கு மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடக்கை, வலக்கை என்று மாற்றி மாற்றி வைத்தோம். ஒவ்வொரு தடவையும் ‘மீண்டும் முயலவும்’. முந்தானையில் விரலைத் துடைத்துப் பார்த்தார். எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு வந்தார். பிறகு போனை என்னிடம் நீட்டி, “என் கை தேய்ந்துவிட்டதப்பா, நீயே வைத்துக்கொள்” என்றார். அந்தக் குரல் இன்னும் காதிலிருந்து போகவில்லை.

இப்போது வரும் மாடல்களில் ஒலி அலையால் ரேகையைப் படிக்கும் உணரி வருகிறது, அது நன்றாக வேலை செய்யும் என்கிறான் தம்பி. மறுபடியும் மாற்றலாமா? புதிய அம்சம் ஒன்றை நம்பி வாங்கி உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

சர்வீஸ்மேசை

மாற்ற வேண்டாம் நண்பரே. பதினான்கு வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் போனில் இருப்பது ஒளியால் படிக்கும் உணரியாக இருக்கும். திரையின் வெளிச்சம் விரலில் பட்டுத் திரும்புவதை அடியிலுள்ள உணரி படமெடுக்கிறது. காய்ந்த விரலில் மேடும் பள்ளமும் பிரிந்து தெரியாது. ஒலி அலை உணரி ஆழத்தை அளக்கிறது, ஈரக் கையையும் ஓரளவு படிக்கிறது. ஆனால் ரேகையே தேய்ந்த விரலில் அதற்கும் அளக்க மேடு வேண்டுமே. மேலே தடித்த டெம்பர் கண்ணாடி ஒட்டினால் அதுவும் தடுமாறும்.

என் சம்பவம் சிறியது. போன மாதம் கல்லூரி மாணவி ஒருவர் மூன்று வருடப் போனைக் கொண்டுவந்தார். மிகவும் மெதுவாகிவிட்டதாம். 45,000 ரூபாய்க்குப் புதியது பார்த்து, அப்பா மாதத் தவணைக்குக் கையெழுத்தும் போட்டாயிற்று. பழையதிலிருந்து படங்களை மட்டும் எடுத்துத் தரச் சொன்னார். மேசையில் வைத்ததும் போன் தட்டாமாலை சுற்றியது. பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கியிருந்தது. 1,800 ரூபாய்க்குப் பேட்டரி மாற்றிக் கையில் கொடுத்தேன். திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், பேசவே இல்லை. தவணையை ரத்து செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். போன் மெதுவானால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பொதுவாக 500 தடவை முழுதாக ஏறி இறங்கினால் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிடும் என்பதுதான் நெடுநாள் கணக்கு. பாதி பாதியாக இரண்டு நாள் ஏற்றினால் அது ஒரு தடவை. பேட்டரி முதுமையடைந்த ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. அதுவரை போனே போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கியவர்கள் எத்தனை பேரோ! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 தடவைக்குப் பின்னும் 80 சதவீதம் தாங்க வேண்டும், விற்பனை நின்று 7 ஆண்டு வரை உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்று விதி. நம் ஊரில் நான்கு வருட மாடலுக்கு ஒரு திரை தேடி நான் எத்தனை கடை ஏறி இறங்குகிறேன் தெரியுமா? இரவு முழுவதும் தலையணைக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். சூடுதான் பேட்டரிக்கு எமன். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். எடை குறைந்த போலிப் பேட்டரியை வாங்காதீர்கள்.

இரவுப்பணி

சர்வீஸ் நண்பர் சொல்வதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் பேட்டரியை மாற்றியவள்தான். ஏழு வருடப் போன், 1,600 ரூபாய் செலவு, இரண்டு மாதம் அருமையாக ஓடியது.

அப்பாவுக்கு மூச்சுத்திணறல். இரவு இரண்டு மணி. மருத்துவமனை மருந்தகத்தில் ஊசி மருந்துக்கு 4,300 ரூபாய். முந்தின நாள்வரை திறந்த பணப்பரிமாற்றச் செயலி அன்றைக்கு, ‘இந்தப் பதிப்பில் இயங்காது, புதுப்பிக்கவும்’ என்றது. புதுப்பிக்கப் போனால், உங்கள் கருவிக்கு இது பொருந்தாது என்று வந்தது. பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். மருந்துப் பையைக் கடைக்காரர் மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பை கண்ணாடிமேல் நகர்ந்து போனது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வரிசையில் நின்ற ஒரு பையன், “அக்கா, நான் போடுகிறேன்” என்று தன் போனில் செலுத்தினான். விடிந்ததும் பணம் எடுத்துக் கொடுத்தேன்.

பேட்டரி புதிதாக இருந்து என்ன செய்ய? மென்பொருள் செத்துவிட்டதே! 2025 ஜனவரி 1 முதல், ஆண்ட்ராய்டின் பழைய பதிப்பான கிட்கேட்டில் ஓடும் போன்களில் வாட்ஸப்பே நின்றுவிட்டது. நல்ல நிலையில் இருந்த போன்களும் அன்றோடு ஊமைதான். புதிதாக வாங்குகிறவர்கள் கேமராவைக் கேட்காதீர்கள், எத்தனை ஆண்டு புதுப்பிப்பு தருவீர்கள் என்று கேளுங்கள். 2023 அக்டோபரில் வந்த கூகுளின் பிக்சல் 8க்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ் 24க்கும் 7 ஆண்டு அறிவித்தார்கள். விலை குறைந்த பல போன்களில் இரண்டு, மூன்று ஆண்டோடு கை கழுவிவிடுகிறார்கள். பெற்றோருக்கு வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மணமேல்குடி

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் புதுப்பிப்பை இவ்வளவு நம்பாதீர்கள். என் போனுக்கு இன்னும் புதுப்பிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. திரைதான் இல்லை.

அண்ணன் குவைத்தில். வெள்ளிக்கிழமை தவறாமல் காணொளியில் பேசுவோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை புதுப்பிப்பு இறங்கியது, போன் அணைந்து எழுந்தது, மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. அன்று மாலை அண்ணன் முகத்தின் நடுவே அந்தக் கோடு. நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் இரண்டாகப் பிளந்தாற்போல. அம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இவனுக்கு என்னடா ஆயிற்று?” என்று பதறிவிட்டார். போனுக்குத்தான் என்று சொல்லியும் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

வாங்கி இருபத்தாறு மாதம். சர்வீஸ் சென்டரில் உத்தரவாதம் முடிந்தது, திரைக்கு 11,500 ரூபாய் என்றார்கள். கீழே போடவில்லை, நனையவில்லை, உங்கள் புதுப்பிப்புக்குப் பிறகுதானே வந்தது என்று எவ்வளவோ கேட்டேன். பதில் இல்லை. அடுத்த மாதம் பக்கத்தில் இன்னொரு கோடு. ஏழு ஆண்டு புதுப்பிப்பு தருகிறவன் திரைக்கும் ஏழு ஆண்டு பொறுப்பேற்கட்டும். அதுவரை 15,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டேன்.

சர்வீஸ்மேசை

இரவுப்பணி சகோதரி சொன்னது சரி, பேட்டரி மாற்றும் முன் மென்பொருள் வயதையும் பார்க்க வேண்டும் என்று நான் எழுதியிருக்க வேண்டும். மணமேல்குடி நண்பருக்கு: பச்சைக் கோடு வந்த போன்கள் என் மேசைக்கும் நிறைய வருகின்றன. திரையையும் போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையையும் இணைக்கும் மெல்லிய பட்டை சூட்டில் பிடிப்பு விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். புதுப்பிப்பு இறங்கும்போது போன் நன்றாகச் சூடாகும், ஏற்கெனவே தளர்ந்தது அப்போது விட்டுப்போகலாம். எல்லாவற்றுக்கும் புதுப்பிப்பின் மீதே பழி போட என்னால் முடியாது. ஒன்று செய்யுங்கள், நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். சில மாடல்களுக்கு உத்தரவாதம் முடிந்த பிறகும் இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். கேட்காதவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வேதாரண்யம் உப்பு

யாரும் வானொலியைப் பற்றிப் பேசவில்லையே. கஜா புயல், 2018 நவம்பர் 16 விடியற்காலை. டவர் இல்லை, கரண்ட் இல்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் தெரு மூன்று வீட்டு ஆட்கள் பன்னிரண்டு பேர். தம்பியின் கையில் அந்த வருடம் வாங்கிய விலையுயர்ந்த போன். அதில் எஃப்.எம். கிடையாது, ஹெட்போன் செருகும் துளையும் கிடையாது. என்னுடையது பழசு, ஸ்பீக்கர் நனைந்து வாய் மூடிவிட்டது. ஆனால் ஒயர் ஹெட்போனைச் செருகினால் வானொலி எடுத்தது. அந்த ஒயர்தான் ஆன்டெனா. ஒரு காதில் நான், மறு காதில் பெரியப்பா. கேட்கக் கேட்க நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். புயல் எந்தப் பக்கம் போயிற்று, எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது என்று பன்னிரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2016இல் ஐபோன் 7 அந்தத் துளையை எடுத்தது, ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கைபேசிகளில் எஃப்.எம். வானொலியை முடக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. நான் போன மாதம் கடையில் கேட்டபோது விற்பனையாளர், “இணையத்தில் வானொலி கேட்கலாமே, சார்” என்றார். அவருக்குக் கடல் தெரியாது.

நாற்றங்கால்

அப்பாயி இறந்த அன்று மாலைக்குப் பின்னால் வைக்கப் படம் தேடினோம். என் புதிய போனில் எடுத்தது நூறுக்கு மேல் இருந்தது. 200 மெகாபிக்சல் என்று வாங்கியது. எதைத் திறந்தாலும் ஏதோ ஒன்று குறைந்தது. அத்தைதான் கண்டுபிடித்தார். “நெற்றியில் பச்சை எங்கேடா?”

அப்பாயிக்கு நெற்றிப் பொட்டு இடத்தில் பச்சை குத்தியிருக்கும். தாடையில் மூன்று புள்ளி. போன் அவற்றையெல்லாம் முகத்துக் கறை என்று நினைத்துத் துடைத்திருந்தது. சுருக்கங்களையும் நிரவிவிட்டது. யாரோ ஒரு கிழவி. கடைசியில் சித்தப்பாவின் எட்டு வருடப் போனிலிருந்து எடுத்தோம். களத்துமேட்டில் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் பச்சை இருந்தது. அதுதான் இன்று சுவரில் இருக்கிறது.

முன்கேமராவிலும் உருவப்பட முறையிலும் அழகூட்டும் வசதி பல போன்களில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே போட்டிருக்கிறது. இன்றே அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடுங்கள். 200 என்ற எண்ணையும் நம்பாதீர்கள். வழக்கமாக 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். இரவில் வெளிச்சம் நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் முகம் இருக்கிறபடி வருகிறதா என்று வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை

எல்லோரும் இழந்ததையே எழுதுகிறீர்கள். எனக்குக் கிடைத்ததை எழுதுகிறேன். என் மாமனாருக்குப் பத்து வருடமாகக் காது மந்தம், கருவி மாட்ட மறுத்துவிட்டார். பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் கூகுளின் செயலி 2019இல் வந்தது, தமிழும் உண்டு. அவருடைய பழைய போனில் போட்டால் நான் பேசி முடித்து அடுப்படிக்குப் போன பிறகுதான் எழுத்து வரும். மனிதர் சலித்துப்போய்ப் போனை மூடிவிடுவார். போன வருடம் நல்ல வேகமுள்ள போனாக வாங்கினோம். “மாமா, இன்றைக்கு வாழைப்பூ வடை” என்றேன். நான் ‘வடை’ என்று முடிக்கும்போதே திரையில் ‘வாழைப்பூ’ வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து, “எத்தனை?” என்றார். பத்து வருடத்தில் நான் கத்தாமல் அவர் எனக்குச் சொன்ன முதல் பதில் அது.

22,000 ரூபாய் ஆயிற்று. அதற்காக அந்த வருடம் நகைச்சீட்டைப் பாதியில் நிறுத்தினேன். எனக்கு வருத்தமே இல்லை. ஆகையால் மணமேல்குடி சகோதரர் 15,000க்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டேன் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. யாருக்காக, எதற்காக என்று பார்க்க வேண்டாமா?

மணமேல்குடி

ஆசிரியை அக்கா, நீங்கள் சொல்வது வேறு. அதற்கு நானும் கொடுப்பேன்.

கரிசல்வாசி

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பாயியின் பச்சையைப் படிக்கும்போது தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், அவருக்கு அங்கே தேள் உருவம் பச்சை குத்தியிருக்கிறது.

கைரேகையை அணைத்துவிட்டேன். பழையபடி ஒன்பது புள்ளி வைத்துக் கொடுத்ததும், “இதிலும் இது உண்டா?” என்று கேட்டு ஒரே இழுப்பில் ‘ப’ போட்டார். திறந்துவிட்டது. நான் கேட்காமலே இரண்டாவது தடவையும் போட்டுக் காட்டினார்.

பழைய போனைத் தங்கையிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறோம், அதன் பின்மூடியும் லேசாகத் தூக்கியிருக்கிறது. சர்வீஸ்மேசை அண்ணே, ஐந்து வருட மாடலுக்குப் பேட்டரி கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?