சாப்பிட்டால் மைல் ஏறுமா? அமெரிக்காவில் கார்டை இணைத்தவர்கள் சொல்லுங்கள்

எடிசன்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். முன்பு கத்தார் ஏர்வேஸில் சென்னை போய் வந்தபோது கிடைத்த மைல்களை, அதாவது பிறகு டிக்கெட் எடுக்க உதவும் விமானப் புள்ளிகளை, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கணக்கில் சேர்த்தேன், 11,000 சொச்சம் இருக்கிறது. அப்புறம் அந்தக் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் இன்னும் ஏழு வாரத்தில் காலாவதியாம். கார்டு எண்ணைப் பதிந்து வைத்தால் உணவகத்தில் சாப்பிட்டாலே மைல் ஏறும் என்கிறார் அலுவலக நண்பர் ஒருவர். உண்மையா? அடுத்த வருஷம் அம்மாவைச் சென்னையிலிருந்து அழைத்து வர டிக்கெட் எடுக்க வேண்டும், அதற்கு இது உதவுமா?

டல்லாஸ் மாமி:
உண்மைதான் தம்பி, நாங்கள் பல வருஷமாகச் செய்கிறோம். அட்வான்டேஜ் டைனிங் என்று பெயர், சேரக் காசு கிடையாது. பட்டியலில் உள்ள உணவகத்தில் அந்தக் கார்டைத் தேய்த்தால் போதும், கடைக்காரரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், கூப்பனும் நீட்ட வேண்டாம். அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலுக்குச் சம்மதம் கொடுத்தால் டாலருக்கு 3 மைல், ஒரே வருஷத்தில் 11 முறை சாப்பிட்டுவிட்டால் 5. வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்த மொத்தத் தொகைக்கும் உண்டு.

உங்கள் நிலைமைக்கு இது சரியான மருந்து. அமெரிக்கனில் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால்தான் மைல் போகும், ஒரு சாப்பாட்டுக்கான மைல் ஏறினாலும் கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள், மைல் ஏறச் சில நாள் ஆகும்.

கணக்குப்பிள்ளை:
அம்மா டிக்கெட் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் சகோ. கத்தார் ஏர்வேஸில் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஒரு வழிப் பயணத்துக்கு எகானமியில் 40,000 அமெரிக்கன் மைல் வேண்டும். டாலருக்கு 3 என்றால் அதைச் சாப்பிட்டே சேர்க்க 13,000 டாலருக்கு மேல் பில் வர வேண்டும். அதனால் இதற்காகவே வெளியே போய்ச் சாப்பிடாதீர்கள், எப்படியும் போகிற இடம் பட்டியலில் இருந்தால் லாபம், அவ்வளவுதான். கார்டு தரும் புள்ளிகள் இதனால் குறையாது. சேஸ் சஃபையர் பிரிஃபெர்டு என்ற கிரெடிட் கார்டு வைத்திருந்தால் உணவகச் செலவில் டாலருக்கு 3 புள்ளி தனியாக வரும், இந்த மைல் அதற்கு மேல்.

இவர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்று நானும் யோசித்ததுண்டு. யுனைடெட், டெல்டா, சவுத்வெஸ்ட், அமெரிக்கன் ஆகிய விமான நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தச் சாப்பாட்டுத் திட்டத்தை நடத்துவது ரிவார்ட்ஸ் நெட்வொர்க் என்ற ஒரே நிறுவனம். உணவகங்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு உறுப்பினர்கள் சாப்பிடும் பில்லில் ஒரு பங்கை வசூலித்துக்கொள்வது இவர்களின் பழைய தொழில். வங்கிக் கடன் சுலபமாகக் கிடைக்காத சிறிய உணவகத்துக்கு அந்தப் பணம் பெரிய உதவி.

ஃப்ரீமான்ட்காரன்:
முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்களே. ஒரே நிறுவனம் என்பதால் ஒரு கார்டு ஒரு திட்டத்தில்தான் இருக்க முடியும். யுனைடெட்டுக்காக இணைத்திருந்த கார்டை நான் ஒரு ஹோட்டல் குழுமத்தின் திட்டத்திலும் பதிந்துவிட்டேன், பழைய இணைப்பு போனதே தெரியாமல் நான்கு மாதம் சாப்பிட்டிருக்கிறேன். உங்கள் கார்டு உங்கள் கணக்குக்கு, மனைவியின் கார்டு அவர் கணக்குக்கு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். டெலிவரி ஆப்பில் வாங்கினால் மைல் வராது. டெபிட் கார்டுக்குப் பின் நம்பர் போட்டாலும் வராது. சில கடைகளில் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும்தான் உண்டு, போகும் முன் அந்தக் கடையின் பக்கத்தைப் பாருங்கள்.

எடிசன்வாசி:
மாமி, சகோக்கள் எல்லோருக்கும் நன்றி. நேற்றே சேர்ந்துவிட்டேன், அதிகம் பயன்படுத்தாத ஒரு கார்டை மட்டும் இணைத்தேன், மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. பட்டியலில் தேடினால் நாங்கள் வழக்கமாகப் போகும் தோசைக் கடை இல்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்த பீட்சா கடை இருக்கிறது. வெள்ளிக்கிழமை போகிறோம், மைல் ஏறியதும் எத்தனை நாள் ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன்.